குடியில்லாத் தீவின் குடிகள்



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குச் சில ஆங்கிலச் சொற்கள் எளிதில் வசப்படுவதில்லை. அகராதியில் பொருள் கிடைத்துவிடும். ஆயினும் எழுதி முடித்தபின் ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று என்ற ஐயம் நெஞ்சில் நிற்கும். தீவுகளைப் பற்றிய அரசாங்க ஏடுகளில் அடிக்கடி வருகின்ற 'அன்இன்ஹாபிடெட்' என்னும் சொல் அத்தகையது. 'மக்கள் வசியாத' என்று எழுதலாம். 'ஆளில்லாத' என்று எழுதலாம். 'குடியில்லாத' என்றும் எழுதலாம். நான் பல ஆண்டுகளாகக் 'குடியில்லாத் தீவு' என்றே எழுதி வந்தேன். லட்சத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பிட்டி என்னும் சிறு மணல்தீவைப் பற்றிப் படித்த பிறகு அச்சொல்லை எழுதுவதற்கு என் கை சற்றே தயங்குகிறது. அத்தயக்கத்தின் காரணத்தை உங்கள்முன் எடுத்துவைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

லட்சத்தீவு நமக்கு முற்றிலும் அந்நியமான இடமன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி அது மத்திய ஆட்சிப் பகுதியாக அமைக்கப்படும்வரை, அத்தீவுகள் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. தெற்கேயுள்ள தீவுகள் மலபார் ஜில்லாவிலும், வடக்கேயுள்ள அமினித் தீவுகள் தென் கன்னட ஜில்லாவிலும் அடங்கியிருந்தன. லட்சத்தீவு என்ற இன்றைய பெயர் 1973-இல் வந்தது. மொத்தம் 36 தீவுகள் என்பது பள்ளிக்கூடப் பாடம். அவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுரக் கிலோமீட்டர்தான். அவற்றுள் மக்கள் வாழ்வன 10. எஞ்சியவை, ஏடுகளின் மொழியில், குடியில்லாதவை.

பிட்டி அவற்றுள் ஒன்று. தலைநகராகிய கவரத்தியிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் பவளப்பாறை ஒன்றின் விளிம்பில் அது கிடக்கிறது. பரப்பு சுமார் 3 ஏக்கர். நம் ஊர்க் கோயில் குளங்கள் பல இதைவிடப் பெரியவை. மரமில்லை, செடியில்லை, குடிக்க நீரில்லை. வெண்மணலும், உடைந்த பவளத் துண்டுகளும், அலை கொண்டுவந்து ஒதுக்கிய சிப்பிகளுமே அதன் உடைமை. நண்பகலில் நிற்பதற்கு அங்குலம் நிழல் கிடையாது. மனிதன் குடியேறாததில் வியப்பென்ன இருக்கிறது?

ஆனால் படகு நெருங்கும்போதே அத்தீவின் இரைச்சல் காதில் விழும். அங்கே ஆலாக்கள் வாழ்கின்றன. முதுகு கரிநிறமாகவும் வயிறு தூய வெண்மையாகவும் உள்ள ஒரு வகை. உடல் முழுதும் பழுப்பாயிருக்க உச்சந்தலை மட்டும் வெளுத்த மற்றொரு வகை. கொண்டை வைத்த பெரிய ஆலா வேறு. இவை பெருங்கூட்டமாகக் கூடி அம்மணலில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. இந்திய எல்லைக்குள் நடுக்கடல் பறவைகள் இவ்வாறு கூடி இனம் பெருக்கும் இடங்கள் மிகச் சில. அதனால்தான் 1995-இல் இந்த 3 ஏக்கர் மணல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

கரிமுதுகு ஆலாவின் வாழ்க்கை விந்தையானது. கடற்பறவையாயிருந்தும் அதன் இறகுகளில் நீர் ஒட்டாதபடி காக்கும் எண்ணெய்ப் பசை போதிய அளவில் இல்லை. எனவே வாத்தைப்போல நீரின்மேல் மிதந்து இளைப்பாற அதனால் இயலாது. கூட்டைவிட்டுப் பறக்கத் தொடங்கிய குஞ்சு, பல ஆண்டுகள் கரையையே மிதியாமல் கடலுக்கு மேலேயே பறந்து திரிகிறது. உணவை நீர்ப்பரப்பிலிருந்து கொத்தி எடுப்பதும் பறந்தபடியேதான். அத்தகைய பறவை நிலத்தைத் தேடி வருவது ஒரே ஒரு காரியத்திற்காக: வெறும் மணலில் ஒற்றை முட்டை இடுவதற்காக. முட்டை வெயிலில் வெந்துவிடாதபடி தாயும் தந்தையும் மாறி மாறி நின்று தம் உடலின் நிழலைக் கொடுக்கின்றன. ஆயிரக்கணக்கான மைல் வானம் அதற்குச் சொந்தம். ஆனால் நிலம் என்று அது நம்பியிருப்பது இத்தகைய மணல் திட்டு ஒன்றைத்தான்.

அந்த மணல் எங்கிருந்து வந்தது? நேயர்களே, இக்கேள்விதான் இன்றைய பேச்சின் உயிர்நிலை. காவிரிக்கரை மணல் மலையிலிருந்து வந்தது, ஆறு கொணர்ந்தது. லட்சத்தீவிலோ மலையும் இல்லை, ஆறும் இல்லை. அங்குள்ள மணலில் ஒவ்வொரு மணியும் ஒரு காலத்தில் உயிருள்ள ஒன்றின் உடலாக இருந்தது. பவளப் பூச்சிகள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தமக்குக் கூடு கட்டுகின்றன. அக்கூடுகள் தலைமுறை தலைமுறையாக அடுக்கிப் பாறையாகின்றன. அமிழ்ந்து போகும் எரிமலையின் தலைமேல் பவளம் உயர்ந்து உயர்ந்து வளர்ந்து வளையமாக நிற்கிறது என்று சார்லஸ் டார்வின் 1842-இல் விளக்கினார். அந்த வளையத்தின்மேல் அலைகள் சேர்த்துவைத்த மணலே தீவு.

பவளம் மணலாவது எவ்வாறு? அலை மோதி உடைப்பது ஒரு பங்கு. மற்றொரு பெரும் பங்கினைச் செய்வது கிளிமீன். கிளியின் அலகைப் போன்ற உறுதியான வாயையுடைய இம்மீன், பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும்போது பவளத்தையும் சேர்த்துக் கடித்து, உள்ளே அரைத்து, வெண்மணலாக வெளியேற்றுகிறது. லட்சத்தீவுக்குத் தெற்கே அடுத்துள்ள மாலத்தீவில் ஒரு பவளத்தீவைச் சுற்றி விஞ்ஞானிகள் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2015-இல் வெளிவந்தது. அப்பாறையில் ஆண்டுதோறும் புதிதாக உண்டாகும் மணலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கிளிமீன்களின் உழைப்பு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கடற்கரையில் நாம் காலார நடக்கும் வெண்மணல் ஒரு மீனின் வயிற்றிலிருந்து வந்தது என்றால் முதலில் சிரிப்புத்தான் வரும். சற்றே எண்ணிப் பார்த்தால் மதிப்பு வரும்.

ஆகவே பவளத்தீவு என்பது நாம் நினைப்பதுபோல ஒரு முறை உண்டாகி நிலைத்துவிட்ட நிலமன்று. அது ஒரு வரவு செலவுக் கணக்கு. பாறையிலிருந்து வரும் புது மணல் வரவு. அலையும் நீரோட்டமும் ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லும் மணல் செலவு. வரவும் செலவும் சமமாக உள்ளவரை தீவு இருக்கும். அப்போதும் அது ஓரிடத்தில் அசையாமல் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஒரு கரை கரைந்து மறுகரை வளரும். வடகிழக்குப் பருவத்தில் மணல் திரும்பி வரும். தீவு மூச்சுவிடுகிறது என்றே சொல்லலாம். சென்ற ஆண்டு வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு இவ்வாண்டு போனவனுக்குக் கரையின் வளைவு வேறாகத் தெரியும். இந்த மாற்றம் நோயன்று. அதுவே தீவின் இயல்பு.

கணக்கில் செலவு மிகும்போது நேர்வது என்ன என்பதற்கும் லட்சத்தீவிலேயே சான்று உண்டு. அகத்தித் தீவுக்கு அருகே பங்காரம் என்னும் பவள வளையம் இருக்கிறது. அதில் பறளி என்ற பெயரில் மூன்று சிறு தீவுகள் இருந்தன. முதலாவது பறளியின் பரப்பு 1968-இல் 0.032 சதுரக் கிலோமீட்டர். அதாவது சுமார் 8 ஏக்கர். கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்ட ஆராய்ச்சியொன்று, பழைய படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, அத்தீவு முழுவதும் கடலில் கரைந்துவிட்டது என்று 2017-இல் தெரிவித்தது. இரண்டாவது பறளி நூற்றுக்கு 80 பங்கு தேய்ந்திருந்தது. ஒரு போரும் நிகழவில்லை. ஒரு பூகம்பமும் நேரவில்லை. 8 ஏக்கர் நிலம் தேசப்படத்திலிருந்து ஓசையின்றிப் போயிற்று. 36 என்ற பள்ளிக்கூடக் கணக்கும் அதனோடு போயிற்று.

கடல்மட்டம் உயர்வதுதான் இதற்குக் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. உயர்கிறது என்பது உண்மையே. 1901 முதல் 2018 வரையுள்ள காலத்தில் உலகக் கடல்களின் மட்டம் சராசரியாகச் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஆனால் அதே கடல்மட்டத்தின் நடுவே வளர்ந்த தீவுகளும் உண்டு. பசிபிக் மாகடலிலுள்ள துவாலு நாட்டின் 101 தீவுகளை 1971 முதல் 2014 வரை அளந்து பார்த்தபோது, அவற்றின் மொத்தப் பரப்பு நூற்றுக்கு 2.9 பங்கு கூடியிருக்கக் கண்டார்கள். சில தேய்ந்தன, பல வளர்ந்தன. இதனால் நாம் அறிவது யாது? கடல் உயர்ந்தாலும், மணல் வந்து சேர்ந்துகொண்டிருக்குமானால் தீவு தாக்குப்பிடிக்கக் கூடும். வரவு நின்றுவிட்டால், சிறு அலையும் அதற்குக் கூற்றுவனாகும்.

வரவைத் தருகின்ற பாறையின் நிலைமை இன்று எப்படி? நெஞ்சில் அச்சம் எழுவது இங்கேதான். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால், பவளப் பூச்சிகள் தமக்கு உணவூட்டி நிறமும் தரும் நுண்ணிய பாசியை உடலிலிருந்து வெளியேற்றிவிடுகின்றன. பவளம் எலும்பைப்போல வெளுத்து நிற்கிறது. சூடு நீடித்தால் மடிந்தே போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவுக் கடலில் இத்தகைய வெளுப்பு நேர்ந்தது. 2024-இல் மீண்டும் நேர்ந்தது. அகத்தி, கடமத்து, கவரத்தி ஆகிய மூன்று தீவுகளின் பாறைகளை 24 ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆராய்ச்சியாளர்கள், 1998-இல் நூற்றுக்கு 37 பங்காக இருந்த உயிர்ப்பவளம் 20 பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது என்று 2025-இல் எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறையப் பாதி போயிற்று. வெளுப்புக்கும் வெளுப்புக்கும் இடையே இருந்த ஓய்வுக்காலம் முன்னைவிடக் குறைந்திருப்பதால், நோயிலிருந்து எழுந்திருக்கப் பாறைக்கு அவகாசம் கிடைப்பதில்லை.

இனி மீண்டும் பிட்டியின் பறவைகளிடம் வருவோம். அவை தீவினால் வாழ்கின்றன என்று இதுவரை கண்டோம். தீவும் அவற்றால் வாழ்கிறது என்பதே நான் சொல்ல விழைவது.

மாலத்தீவுக்கும் தெற்கே, கடலடியில் இதே மலைத்தொடரின் கோடியில், சாகோஸ் தீவுகள் உள்ளன. பழைய நாட்களில் கப்பல்களோடு வந்திறங்கிய எலிகள் அங்குச் சில தீவுகளில் பெருகி, முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று, கடற்பறவைகளை ஏறக்குறைய இல்லாமற் செய்துவிட்டன. எலி புகாத தீவுகளில் பறவைகள் நிறைந்திருக்கின்றன. இவ்விருவகைத் தீவுகளின் பக்கத்துப் பாறைகளை ஒப்பிட்ட ஆராய்ச்சி 2018-இல் வெளிவந்தது. பறவைகள் நடுக்கடலில் உண்டு வந்து தீவில் இடும் எச்சம், மழைநீரோடும் அலையோடும் கலந்து பாறைக்கு உரமாகிறது. அதன் பயனாக, பறவைத் தீவுகளை அடுத்த பாறைகளில் மீன்களின் மொத்த எடை நூற்றுக்கு 48 பங்கு மிகுதியாக இருந்தது. கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து அரைக்கும் வேலையோ மூன்று மடங்குக்கும் மேல் நடந்தது.

இப்போது சங்கிலியைக் கோத்துப் பாருங்கள். பறவை கடலில் உண்கிறது, தீவில் எச்சமிடுகிறது. எச்சம் பாறைக்கு உரமாகிறது. பாறையில் மீன் பெருகுகிறது. மீன் பவளத்தை அரைத்து மணலாக்குகிறது. அலை அம்மணலைத் தீவின்மேல் சேர்க்கிறது. அத்தீவில் பறவை முட்டையிடுகிறது. எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று சொல்ல முடியாத வட்டம் இது. தான் குடியிருக்கும் நிலத்திற்கு அப்பறவை வாடகை கொடுக்கிறது. அந்த வாடகையைக் கொண்டே நிலம் கட்டப்படுகிறது.

மனிதனுக்கும் இவ்வட்டத்தில் பங்கு உண்டு. லட்சத்தீவு மக்களின் தலையாய தொழில் சூரைமீன் பிடிப்பது. நீண்ட கழியில் தூண்டில் கட்டி, உயிருள்ள சிறு மீன்களை இரையாக வீசி, சூரையை ஒவ்வொன்றாகப் படகில் இழுத்துப் போடுவது அவர்களுடைய பழைய முறை. நம் வீடுகளில் அறியப்பட்ட மாசிக்கருவாடு இந்தச் சூரையிலிருந்து ஆவதே. பரந்த கடலில் சூரைக் கூட்டம் எங்கே இருக்கிறதென்று அறிய மீனவர் வானத்தைப் பார்ப்பார்கள். கீழிருந்து சூரை துரத்தும்போது சிறுமீன்கள் நீர்ப்பரப்புக்குத் துள்ளி வரும்; மேலிருந்து ஆலாக்கள் அவற்றைக் கொத்த இறங்கும். பறவைகள் வட்டமிடும் திசையில் படகைத் திருப்பினால் சூரை கிடைக்கும். ஆக, பிட்டியில் பொரிந்த குஞ்சு வளர்ந்து, பத்துப் பதினைந்து மைலுக்கு அப்பால் ஒரு மீனவனுக்கு வழிகாட்டியாக நிற்கிறது. அம்மீனவன் பிட்டியில் ஓர் இரவும் தங்கியதில்லை. ஆயினும் அவன் அடுப்பு எரிவதில் அத்தீவுக்குப் பங்கு உண்டு.

இத்தகைய தீவில் மனிதன் தனியே தங்கிப் பார்த்ததும் உண்டு. சென்னைப் பாம்புப் பண்ணையோடு தொடர்புகொண்டிருந்த ஆமை ஆராய்ச்சியாளர் சதீஷ் பாஸ்கர், 1982-ஆம் ஆண்டு, மழைக்காலத்தில் மக்கள் எவரும் இல்லாத சுஹேலி வலியகரா என்னும் தீவில் இறங்கினார். இதுவும் லட்சத்தீவைச் சேர்ந்ததே. கவரத்திக்குத் தென்மேற்கே உள்ளது. அம்மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் படகு வராது. பேராமை என்று நம் மீனவர் வழங்கும் பச்சைக் கடலாமை கரையேறி முட்டையிடுவது அதே காலத்தில்தான். ஆகவே ஜூனிலிருந்து செப்டம்பர்வரை அங்கே தன்னந்தனியே இருந்து, இரவெல்லாம் கரையில் நடந்து ஆமைகளின் சுவடுகளை எண்ணினார். சென்னையிலிருந்த மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அப்புட்டிகளுள் ஒன்று 800 கிலோமீட்டர் மிதந்து இலங்கைக் கரையை அடைந்தது. அங்கே அதை எடுத்த மீனவர் ஒருவர் தபாலில் சேர்த்தார். நம் நாட்டுக் கடலாமைகளைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதிக்கு அடிப்படை இட்டவர் அவர். அவருக்கு அத்தீவு ஒருநாளும் குடியில்லாத தீவாகத் தோன்றியிருக்க முடியாது.

பேராமை தான் பிறந்த கரைப் பகுதிக்கே பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வந்து முட்டையிடும் இயல்புடையது. நேயர்களே, தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழ்கின்ற நமக்கு இதனை விளக்கவேண்டிய அவசியமில்லை. இருபது ஆண்டு கழித்து ஊருக்குப் போகிறோம். பழைய வீடு இடிந்திருந்தாலும் ஊர் இருக்கிறது. தெருவின் பெயராவது இருக்கிறது. பறளியில் ஒருகாலத்தில் மணலைத் தொட்ட உயிர்கள் இன்று திரும்பி வந்தால் அங்கே காண்பது நீர் ஒன்றே.

இதற்கு நாம் செய்யத்தக்கது என்ன? கடல் சூடாவதை ஒரு மீனவக் கிராமமோ ஒரு மாநிலமோ தனித்து நிறுத்த முடியாது. அது உலக நாடுகள் யாவும் கூடிச் செய்யவேண்டிய காரியம். ஆயினும் நம் கையிலுள்ளவை சில உண்டு. கிளிமீன் போன்ற பாறை மீன்களை அளவின்றிப் பிடித்து விற்காதிருத்தல் ஒன்று. அவற்றைப் பிடிப்பது மணல் செய்யும் ஆலையை மூடுவதற்கு ஒப்பாகும். பறவைத் தீவுகளில் முட்டை எடுக்கவோ பொழுதுபோக்கவோ இறங்காதிருத்தல் மற்றொன்று. தாய்ப்பறவை அஞ்சி எழுந்து சற்று நேரம் விலகியிருந்தாலும் வெயிலில் முட்டை கெட்டுவிடும். படகோடு எலி போகாதபடி காத்தல் மூன்றாவது. கரையைக் காக்கிறோம் என்று கல்லையும் சிமெண்டையும் கொட்டுவதற்கு முன், மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஆராய்தல் நான்காவது. அசையும் இயல்புடைய தீவை அசையாமல் கட்டிவைத்தால், ஒரு பக்கம் காத்த மணலை மறுபக்கம் இழக்க நேரலாம். பவளத்தையே வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கு விற்றதன் பலனை மன்னார் வளைகுடாவில் நாம் கண்டிருக்கிறோம். அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. சரணாலயம் என்ற பெயர்ப்பலகையும் வந்திருக்கிறது. ஆனால் 'குடியில்லாத' என்ற சொல் நம் மனத்தில் இருக்கும்வரை, அத்தகைய இடத்தைப் பயனற்ற இடம் என்றோ, யாரும் எடுத்துக்கொள்ளலாகும் இடம் என்றோ எண்ணத் தோன்றும். காலி மனை என்றால் குப்பை கொட்டத் துணிகிற மனம் அல்லவா நம்முடையது? குடி இருக்கிறது என்று தெரிந்தால் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம்.

அதனால், அரசாங்க ஏட்டில் அந்தச் சொல் அடுத்த முறை வரும்போது, 'மக்கள் வசியாத தீவு' என்று எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அது சற்று நீளமான சொற்றொடர்தான். எனினும் பொய் சொல்லாதது. மக்கள் அங்கே இல்லை, குடிகள் உண்டு. பிட்டியின் 3 ஏக்கர் மணலைக் கட்டியவையும், காத்து வருபவையும், அதில் பிள்ளை வளர்ப்பவையும் அவையே. அக்குடிகளைக் கலைத்துவிட்டால் பறவைகள் மட்டும் போவதில்லை; அவற்றின் காலடியிலுள்ள மண்ணும் கூடவே போய்விடும்.